உறைக்குள் ஓர் உறை

நுழையும்முன்

கதவைத் தாழிட்டுப் பேசுவோர் அனைவரும் குற்றம் செய்வோர் அல்லர். நோய், கடன், காதல், அச்சம் என வீட்டுக்குள் பேசுவதற்குரிய செய்திகள் எல்லார்க்கும் உண்டு. இன்று அவற்றை மக்கள் முதலில் சொல்வது கைப்பேசியிடமே. அக்கைப்பேசிக்குத் தாழ் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே அமைந்தது கூமாப்பட்டி. பிளவக்கல் அணைகளுக்கு அண்மையிலுள்ள இவ்வூரைச் சுற்றுவட்டாரத்தாரே மிகுதியும் அறிந்திருந்தனர். 2025ஆம் ஆண்டு சமூக ஊடகத்தில் பரவிய காணொலிகள் அதன் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தன; வெளியூரார் வழி கேட்டு வந்தனர். காணொலியில் ஊரைக் காட்டியது விருப்பத்தின்பாற்பட்ட செயல். ஆனால் அதே கைப்பேசி, உடையவர் விரும்பாதவற்றையும் ஓசையின்றி வெளியே சொல்கிறது.

அவ்வூர் மாணவி ஒருத்தி, தன் தாய்க்கு வந்த நோயைப் பற்றி இரவில் இணையத்தில் தேடுவதாகக் கொள்வோம். அண்டை வீட்டார்க்கும் தெரியாத செய்தி அது. அவள் எந்தத் தளத்துக்குச் செல்கிறாள் என்பதை இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் அறிய முடியும். அத்தளமோ, அவளுடைய இணைப்பின் ஐ.பி. முகவரியைக் கொண்டு அவள் இருக்கும் பகுதியைத் தோராயமாகக் கணிக்க முடியும்.

அஞ்சல்முறையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். மறையாக்கம் இல்லாத பழைய இணையத்தொடர்பு, அஞ்சலட்டை போன்றது. கொண்டு செல்வோர் அனைவரும் படிக்கலாம். முகவரியின் தொடக்கத்தில் ‘எச்டிடிபிஎஸ்’ என்றிருக்கும் தொடர்பு, ஒட்டப்பட்ட உறை போன்றது. உள்ளடக்கம் தெரியாது, பெறுநர் முகவரி தெரியும். மெய்நிகர் தனியார் வலையமைப்பு, அதாவது விபிஎன், அவ்வுறையை மற்றோர் உறைக்குள் இட்டு, திருவில்லிபுத்தூரில் உள்ள உறவினர்க்கு அனுப்புவதை ஒக்கும். அவர் வெளியுறையைப் பிரித்து, உள்ளுறையைத் தம் ஊரிலிருந்து அனுப்பிவைப்பார். கூமாப்பட்டி அஞ்சல்காரர் அறிவது திருவில்லிபுத்தூர் முகவரியை மட்டுமே. பெறுநர்க்கும் மடல் அங்கிருந்து வந்ததாகவே தோன்றும்.

நிறுவனங்கள் தம் ஊழியர்களைத் தொலைவிலிருந்து அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைப்பதற்குப் பயன்படுத்திய ஏற்பாடு இது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியுடன் அமர்ந்து பணியாற்றிய இளைஞர் பலர் இவ்வழியாகவே தம் அலுவலகத்துக்குள் நுழைந்தனர்.

இலங்கையில் இதற்கு வேறொரு பயன் நேர்ந்தது. பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போது, 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மக்கள் பலர் விபிஎன் வழியாக அத்தடையைக் கடந்தனர். தடையும் அன்றே விலக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்
நீதியரசர் கே.எஸ். புட்டசாமி வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. எண்மமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

எனினும், திருவில்லிபுத்தூர் உறவினர் யார் என்பதே கேள்வி. அஞ்சல்காரர்க்கு மறைத்த முகவரி அனைத்தும் அவர்க்குத் தெரியும். விபிஎன், நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவரிடம் வைக்கிறதேயன்றி, நம்ப வேண்டிய தேவையை நீக்குவதில்லை. விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை. ஒனாவோ என்னும் நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. தரவைப் பாதுகாக்கும் என்று கூறி இலவசமாக வழங்கப்பட்ட அதன் விபிஎன் செயலி, பயனர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்பதைத் தொகுத்து, ஃபேஸ்புக்கின் வணிக ஆய்வுக்கு அளித்தது. ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் 2023இல் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. காவலுக்கு வைத்தவரே கணக்கெழுதிய கதை இது.

இந்தியாவில் விபிஎன் பயன்பாட்டுக்குப் பொதுத்தடை இல்லை. ஆயினும், கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் முதலியவற்றை ஐந்தாண்டுகள் பேணுமாறு விபிஎன் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. குற்றப் புலனாய்வுக்கு அத்தகவல் தேவை என்பது அரசின் வாதம். பயனர் பதிவேடு வைக்காமையே தங்கள் தொழிலின் அடிப்படை என்ற எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தம் வழங்கிகளை அகற்றின. இரு தரப்பிலும் பொருள் உண்டு. வழக்காடி முடிந்த விவாதம் அன்று.

மீண்டும் அம்மாணவியிடம் வருவோம். அவள் தன் மின்னஞ்சல் கணக்கில் நுழைந்த நிலையிலேயே தேடினால், விபிஎன் இருந்தும் தேடுபொறி அவளை அறியும். உறை இரண்டானாலும் மடலின் அடியில் இருப்பது அவள் கையொப்பம். இருப்பிடத்தை அறியச் செயலிகளுக்கு அவள் அளித்த அனுமதியையும் விபிஎன் திரும்பப் பெறாது. கைப்பேசி அமைப்புகளில் அவளே நீக்க வேண்டும். வங்கி அலுவலர் எனச் சொல்லி அழைப்பவரிடம் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கூறிவிட்டாலோ, எந்த உறையும் உதவாது. அவ்வாறு பணம் பறிபோனால், அடுத்த நொடியே அழைக்க வேண்டிய எண் 1930.