நோய் போன பிறகும் பலம் ஏன் வரவில்லை?

இந்த மாத உடல்நலப் பாடம் குஷிங் நோய் பற்றியது. பெயர் புதிதாக இருக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-ல் இதை விரிவாக எழுதியதால் அந்தப் பெயர் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

நம் சிறுநீரகங்களின் மேலே தொப்பி போல ஒரு சுரப்பி இருக்கு. அதிலிருந்து வருவது கார்ட்டிசால் என்ற ஹார்மோன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி வந்தாலோ, இந்தச் சுரப்பியிலேயே கட்டி வந்தாலோ, கார்ட்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும். முகம் வட்டமாக உப்பும். வயிறு பெருக்கும், கை கால் மட்டும் மெலியும். வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். சுகரும் பிரஷரும் ஏறும்.

அதிகமான கார்ட்டிசால் தசையில் உள்ள புரதத்தைக் கரைக்கும். முதலில் அடிபடுவது தொடையும் தோளும். அதனால்தான் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, படி ஏற முடியாது, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியாது.

கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தால் கார்ட்டிசால் குறையும். சில மாதங்களில் முகம் பழையபடி ஆகும். ஆனால் தசை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. ஜெர்மனியில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் நீங்கிப் பல ஆண்டுகள் ஆனவர்களைப் பரிசோதித்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் வேகமும் கைப்பிடி பலமும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தன.

இது தெரியாததால்தான் பிரச்சினை. "ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, ஆளும் நல்லா இருக்கா, நடவுக்கு மட்டும் வர முடியலையாமே!" என்று ஒரு குழுக் கூட்டத்தில் பேசினார்கள். வீட்டில் மாமியாரும் அதையே சொன்னாராம். அந்த உறுப்பினர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வெளியே தெரியாத பலவீனத்தை நாம் சோம்பல் என்றே கணக்கு எழுதுகிறோம். ஆண்களுக்கு வந்தால் இப்படிப் பேசுவோமா?

சரி, என்ன செய்யலாம்? முதலில் டாக்டரிடம் சொல்லணும். ஆபரேஷனுக்குப் பிறகு கார்ட்டிசால் ரொம்பக் குறைந்துபோனாலும் சோர்வு வரும். வைட்டமின் டி, தைராய்டு, பொட்டாசியம் குறைந்தாலும் பலம் இருக்காது. பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

அடுத்து பயிற்சி. சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரணும். முதலில் 5 தடவை போதும், வாரம் போகப் போகக் கூட்டலாம். கையை ஊன்றாமல் முடியவில்லை என்றால் ஊன்றியே தொடங்குங்கள். இந்த நோயில் எலும்பும் தேய்ந்திருக்கும். எனவே டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டபின் தொடங்கணும், எடுத்த எடுப்பில் பாரம் தூக்கக் கூடாது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தினமும் ஏதாவது ஒன்று சாப்பாட்டில் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் இங்கே உதவாது.

குழுவிலும் ஒரு வேலை இருக்கு. நடவு, களையெடுப்பு, சுமை வேலைக்குப் பதிலாக உட்கார்ந்து செய்யும் வேலையை அவருக்குக் கொடுக்கலாம். கடன் தவணையைத் தள்ளிக் கட்ட அனுமதித்துத் தீர்மான நோட்டில் எழுதலாம். கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், தரையில்தான் உட்காரணும்னு சட்டமில்லை.

இன்னொன்று. கட்டி இல்லாமலும் இதே நோய் வரும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் உடம்பு பூசுவதற்கும் என்று சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், தொடை பலம் போகும். அதற்காகப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. சாப்பிடும் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டரின் வேலை.