பழைய எண்ணெய் எங்கே தங்குகிறது?

அகல் விளக்கில் எண்ணெய் வற்றினால் திரி கருகும். மோட்டார் எஞ்சினில் எண்ணெய் வற்றினாலோ, கெட்டாலோ, இரும்பே கருகும். விளக்கின் குறை உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. எஞ்சினின் குறை தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஆகவேதான் குறித்த தொலைவு ஓடியதும் பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றுகிறோம்.

அவ்வாறு வடிக்கும்போது பழைய எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடுகிறதா? இல்லை. ஒரு பகுதி உள்ளேயே தங்குகிறது. அது தங்கும் இடங்களுள் முக்கியமானது, பணிமனைகளில் ‘ஆயில் கூலர்’ என்று வழங்கும் எண்ணெய்க் குளிர்விப்பான். அப்படித் தங்கும் எண்ணெயால் தீங்கு உண்டா? ஒவ்வொரு முறையும் கூலரைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா? கழற்றினால் மீண்டும் நிரப்புவது எப்படி? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மோட்டார் தொழிலாளி அல்லேன். இயற்பியல் பயிலும் மாணவன். ஆயினும் இவ்வினாக்களுக்குச் சிறிது இயற்பியலும் பள்ளிக் கணக்கும் போதும் என்று கண்டேன்.

எண்ணெயின் வேலை

எஞ்சினுக்குள் சுழலும் ‘கிராங்க்’ தண்டு, ‘பேரிங்’குகளின்மேல் நேரே உராய்ந்துகொண்டு சுழல்வதில்லை. இரண்டிற்கும் நடுவே ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக் குறுகலான இடைவெளிக்குள் புகுத்துகிறது. அங்கு எழும் அழுத்தமே தண்டைத் தாங்கி நிற்கிறது. இதனைக் கணித வாயிலாக விளக்கியவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர், ஆண்டு 1886.

இப்படலத்தின் கனம் மயிரிழையின் கனத்தைவிடக் குறைவு. எண்ணெய் மிகுதியாகச் சூடேறினால் இளகி, படலம் மேலும் மெலியும். அன்றியும், சூடு ஏற ஏற எண்ணெய் ஆக்சிஜனோடு கூடி விரைந்து கெடும். 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியலார் கையாளும் தோராயமான விதி. எண்ணெயைக் குளிரச் செய்யக் கூலர் வேண்டியதாயிற்று.

கூலர்கள் இருவகை. முதல் வகையில், ரேடியேட்டர் தண்ணீர் ஒருபுறமும் எண்ணெய் மறுபுறமுமாக மெல்லிய தகடுகளுக்கிடையே ஓடுகின்றன. டீசல் கார்கள் பலவற்றிலும், லாரி, பேருந்துகளிலும் இவ்வகையைக் காணலாம். கார்களில் இது பெரும்பாலும் ஃபில்டரை ஒட்டிய சிறு பெட்டியாக இருக்கும். அதில் தங்கும் எண்ணெய் சொற்பமே.

இரண்டாம் வகை, காற்றால் குளிரும் சிறு ரேடியேட்டர் போன்றது. எஞ்சினிலிருந்து தள்ளி, குழாய்களால் இணைக்கப்பட்டிருக்கும். 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1998 வரை காற்றால் குளிரும் எஞ்சினோடு வெளிவந்த போர்ஷே 911 இதற்கு நல்ல சான்று. அதன் எஞ்சின் பின்புறத்தில். எண்ணெய்த் தொட்டி தனி. பல மாதிரிகளில் கூலரோ முன்சக்கரத்தின் அருகில்! எஞ்சினுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று என இரண்டு திருகுகளைத் திறந்தாலும் முன்புறக் கூலரின் எண்ணெய் அசையாமல் நின்றுவிடும். 2003 முதல் 2012 வரை விற்பனையான ஜப்பானிய வண்டி மாஸ்டா ஆர்.எக்ஸ்.8. இதன் பல வண்டிகளில் முன்புறம் இரண்டு கூலர்கள். அடித்திருகை மட்டும் திறந்தால், கூலர்களிலும் குழாய்களிலும் எஞ்சினின் பிற பகுதிகளிலுமாக ஏறத்தாழப் பாதி எண்ணெய் தங்கிவிடும்.

ஏன் அது தானே வடிவதில்லை? மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் ஒழுங்காக வராது. விக்கி விக்கி வரும். மேலே இன்னொரு சிறு துளை இட்டால், காற்று உள்ளே புகுந்து எண்ணெய் தடையின்றி ஒழுகும். கூலருக்கோ அந்த இரண்டாம் துளை இல்லை. அதன் குழாய்கள் மேற்புறத்தில் இணைக்கப்பட்டிருந்தால், அது வாய் மேல்நோக்கிய குடம் போன்றது. எஞ்சினின் அடித்திருகைத் திறப்பதால் அந்தக் குடம் காலியாகாது.

ஒரு சிறு கணக்கு

தங்கிய எண்ணெய் ஒவ்வொரு முறையும் பெருகிக்கொண்டே போகும் என்று பலர் அஞ்சுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம்.

குறித்த தொலைவு ஓடும்போது எண்ணெயில் சேரும் அழுக்கை 100 பங்கு என்று கொள்வோம். மாற்றும் ஒவ்வொரு முறையும் பாதி எண்ணெய் தங்கிவிடுகிறது என்போம். முதல் தவணை முடிவில் அழுக்கு 100. பாதியை வடித்தபின் எஞ்சுவது 50. அடுத்த தவணை முடிவில் 150, எஞ்சுவது 75. அதற்கடுத்து 175, பிறகு 187½. இவ்வாறு வளர்ந்து 200-ஐ நெருங்குமேயன்றி அதனைத் தாண்டாது. உள்ளே சேரும் அழுக்கும் வடியும் அழுக்கும் சமமாகிவிடுவதே காரணம். நாம் கற்ற பெருக்குத் தொடரின் கூட்டல்தான் இது.

ஆனால் 200 என்பது சிறிய எண் அன்று. அந்நிலையில், வடித்துப் புதிது ஊற்றிய மறுகணமே எண்ணெயில் 100 பங்கு அழுக்கு இருக்கும். அதாவது, முழுவதும் வடியும் வண்டியில் மாற்றவேண்டிய நாளன்று எவ்வளவு அழுக்கோ, அவ்வளவு அழுக்கு இங்கே முதல் நாளே இருக்கும்.

இதற்கு மருந்து என்ன? தவணையைப் பாதியாக்குங்கள். ஒவ்வொரு தவணையிலும் சேர்வது 50 பங்கு மட்டுமே. முடிவில் அழுக்கு 50, 75, 87½ என்று வளர்ந்து 100-இல் நிலைத்துவிடும். செலவு கூடுமோ என்றால், எண்ணெய்ச் செலவு கூடாது; பாதி எண்ணெயை இருமுறை ஊற்றுவதும் முழு எண்ணெயை ஒருமுறை ஊற்றுவதும் அளவில் ஒன்றே. கூலியும் ஃபில்டரும்தான் கூடுதல்.

இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. மொத்த எண்ணெயில் எத்தனை பங்கு வடிகிறதோ, அத்தனை பங்காகத் தவணையைக் குறைத்தால் போதும். பத்தில் ஒன்பது பங்கு வடிந்தால், 10,000 கிலோமீட்டர் என்பதை 9,000 ஆக்கினால் கணக்கு நேராகிவிடும்.

அளந்து பார்த்தது

என் தாய்மாமன் காசியில் அனுமான் கட்டத்தருகே வாழ்பவர். தமிழகத்திலிருந்து வரும் யாத்திரிகர்களைப் பிரயாகைக்கும் கயைக்கும் தம் டீசல் காரில் ஏற்றிச் செல்வது அவர் தொழில். இவ்வூர்க் கோடையில் நிழலிலேயே வெப்பம் 45 டிகிரியைத் தொடும். எஞ்சின் நின்றால் அவர் வீட்டு அடுப்பும் நிற்கும். அவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார்:

“மாப்பிள்ளே, கூலரைக் கழற்றி வடிக்காம விட்டா புது எண்ணெயும் பாழாயிடும்னு மெக்கானிக் சொல்றார். ஒவ்வொரு தடவையும் அதுக்குத் தனிக் கூலி. நீ படிச்ச படிப்புல இதுக்கு ஒரு வழி சொல்லேன்.”

நாங்கள் அளந்து பார்த்தோம். அந்த எஞ்சின் முற்றிலும் உலர்ந்த நிலையில் கொள்ளும் எண்ணெய் 6 லிட்டர் என்று வண்டியின் புத்தகத்தில் இருந்தது. எண்ணெயை அளவுக் குறிவரை நிரப்பி, வண்டியை ஓட்டிச் சூடாக்கி, அரைமணி நேரம் வடியவிட்டு, ஃபில்டரிலிருந்ததையும் சேர்த்து அளந்தபோது 5.4 லிட்டர் கிடைத்தது. உள்ளே தங்கியது பத்தில் ஒரு பங்கே. அதிலும் கூலரில் இருந்தது ஒரு பகுதிதான். மாமா அன்றுமுதல் கூலரைத் தொடுவதில்லை. தவணையை 1,000 கிலோமீட்டர் குறைத்துக்கொண்டார்.

கூலரைக் கழற்றுவதில் இடரும் உண்டு. அதன் இணைப்புகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அடிக்கடி திருகினால் மரை தேயும். திறந்த குழாய்க்குள் தூசி புகும். பழைய ரப்பர் வளையத்தையே மீண்டும் மாட்டினால் எண்ணெய் கசியும். வண்டி செய்தவரே கூலருக்கு வடிதிருகு வைத்திருந்தால் அதைத் தாராளமாகத் திறக்கலாம். இல்லையெனில் வழக்கமான மாற்றத்துக்குக் கூலரைக் கழற்றவேண்டியதில்லை.

எப்போது கழற்றியே ஆகவேண்டும்?

மேற்சொன்ன கணக்கு ஒன்றை ஆதாரமாகக் கொண்டது: அழுக்கு எண்ணெயோடு சீராகக் கலந்திருக்கவேண்டும். கரியும் அமிலமும் அவ்வாறு கலக்கும். உலோகத் துகள் கலவாது.

பேரிங் உடைந்து நொறுங்கினால், அதன் துகள்கள் கூலரின் குறுகிய வழிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். மாமாவின் நண்பர் ஒருவருக்கு இது நேர்ந்தது. பேரிங் போய், கடன் வாங்கி எஞ்சினைப் புதுப்பித்தார். பணிமனையார் பழைய கூலரையே அப்படியே மாட்டிக் கொடுத்துவிட்டனர். சில நூறு கிலோமீட்டரில் புதிய பேரிங்குகளும் கீறிப் பாழாயின. கூலரைத் திறந்தபோது உள்ளே உலோகப் பொடி மின்னியது. அவர் இப்போது பிறர் வண்டியை ஓட்டுகிறார்.

ஆகவே எஞ்சின் உடைந்து பழுது பார்த்தாலும், எண்ணெயில் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்தாலும், கூலரையும் குழாய்களையும் கழற்றிக் கழுவியே ஆகவேண்டும். உலோகத் துகள் புகுந்த கூலரை மாற்றிவிடுவதே நலம். எஞ்சினைப் புதுப்பிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

நிரப்பும் முறை

கூலரை வடித்தபின் வழக்கமான அளவு எண்ணெய் ஊற்றினால் போதாது. கூலர் கொள்ளும் அளவையும் சேர்க்கவேண்டும். இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. தனிக் குழாய்கொண்ட கூலர்கள் பலவற்றில் ‘தெர்மோஸ்டாட்’ ஒன்று காவல் நிற்கும். எண்ணெய் குளிர்ந்திருக்கும்வரை அது கூலருக்குப் போகும் வழியை மூடியிருக்கும். வண்டியைச் சிறிது நேரம் நின்றவாறே ஓடவிட்டு அளவுகோலைப் பார்த்தால் எண்ணெய் நிறைந்திருப்பதாகவே காட்டும். பிறகு சாலையில் ஓடிச் சூடேறியதும் வழி திறக்கும். எண்ணெய் காலியான கூலருக்குள் பாயும். எஞ்சினில் எண்ணெய் குறையும். வளைவில் திரும்பும்போது பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சினால், பேரிங்கின் படலம் அறுந்துபோகும்.

எனவே, இயலுமானால் கூலரை மாட்டுமுன் அதனுள் சிறிது எண்ணெய் ஊற்றுங்கள். அளவுக் குறிவரை நிரப்பி எஞ்சினை ஓடவிட்டு, அழுத்த விளக்கு அணைகிறதா, இணைப்புகளில் கசிவு உண்டா என்று பாருங்கள். விளக்கு சில நொடிகளில் அணையாவிடில் உடனே நிறுத்துங்கள். அணைந்தால், மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்குங்கள். பின் சமதரையில் நிறுத்தி, புத்தகம் சொல்லும் முறைப்படி மீண்டும் அளந்து, குறைவை ஈடுசெய்யுங்கள். மறுநாளும் ஒருமுறை அளப்பது நன்று. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இவ்வூர்ச் சாக்கடை கங்கைக்குத்தான் போகிறது. பழைய எண்ணெய் வாங்கிச் சுத்திகரிப்போரிடம் சேர்ப்பதே முறை.

நம்மில் பலர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறோம். அவற்றிலும் சிலவற்றில் ஆயில் கூலர் உண்டு. அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது, வடிந்ததை ஓர் அளவுக் குவளையில் பிடித்து, வண்டியின் புத்தகத்திலுள்ள மொத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு தங்கியது என்று தெரிந்துவிட்டால், எத்தனை கிலோமீட்டரில் மாற்றவேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.