கண் டாக்டர் ஊருக்கே வருவாரா?

கேள்வி: ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் வந்து பில் போடுவதுதான் வேகமாகியிருக்கிறது. நோயாளிக்கு என்ன லாபம்? (வாசகர், தேனி)

பதில்: லாபம் நிச்சயம் உண்டு. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் அதற்குப் பரிசோதனை மையங்கள் இருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதித்து, படமெடுத்து, விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதிகிறார். பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அவற்றைப் பார்த்துவிட்டு, வீடியோவில் நோயாளியிடமே பேசுகிறார். ஆபரேஷனோ மேல்சிகிச்சையோ தேவைப்படுபவர்கள்தான் நகரத்துக்குப் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் மிச்சம். இப்படி ஒரு மையம் பக்கத்தில் இருந்தால் தயங்காதீர்கள்; குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.