தேர்தல் தஸ்தாவேஜுகளும் கிராமவாசியின் உரிமையும்

கூட்டுறவு நாணயச் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவருக்குத் தமது கணக்கில் சந்தேகம் உண்டானால் அவர் என்ன செய்கிறார்? தெருவில் நின்று காரியதரிசியைத் தூற்றுவதில்லை. சங்கத்திற்குச் சென்று பேரேட்டைக் காட்டும்படி கேட்கிறார். வரவும் பற்றும் கண்ணால் கண்டபின் சந்தேகம் தீர்கிறது. அல்லது பிழை வெளியாகித் திருத்தப்படுகிறது. இரண்டில் எது நேரினும் சங்கத்திற்கு நன்மையே. ஆனால் ஊராட்சித் தேர்தல் விஷயத்தில் இந்நல்வழக்கம் கிராமங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

தேனி ஜில்லாவில் 8 ஊராட்சி ஒன்றியங்களும் 130 கிராம ஊராட்சிகளும் உள்ளன. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. 2020 ஜனவரி 2-இல் எண்ணிக்கை தொடங்கியது. அப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிவுற்றது. சிறிய வார்டுகளில் சில வாக்குகளே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும். ஆகையால், "எங்கள் தெருப் பெயர்களை நீக்கிவிட்டார்கள்", "நல்ல சீட்டுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கிவிட்டார்கள்" என்னும் பேச்சு எளிதில் பிறக்கிறது. முல்லைப் பெரியாற்றின் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் இரு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர். ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க மறுக்கின்றனர். ஊர்ப் பகை இறுதியில் சங்கத்தின் பாக்கிக் கணக்கில் வந்து நிற்கிறது. ஒரு சிறு காகிதத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இவ்வாறு பல ஆண்டுப் பகையாக முற்றுகிறது.

பழைய முறை

தேர்தல் விதிகள் யாவரும் காணத்தக்கவை என்பது தமிழ்நாட்டிற்குப் புதிய கருத்தன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூர் மகாசபையார் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோயிற் சுவரில் கல்லில் வெட்டுவித்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அவ்விதிகள் கூறின. அன்று சுவர் செய்த வேலையை இன்று சட்டம் செய்கிறது.

இக்காலச் சட்டம்

1996-இல் ராஜஸ்தானத்தின் பியாவர் நகரில் ஏழைத் தொழிலாளரும் விவசாயிகளும், ஊராட்சிக் கணக்குகளின் நகல் வேண்டும் என்று 40 நாட்கள் வீதியில் அமர்ந்து கேட்டனர். 1997-இல் தமிழ்நாடு, இந்திய ராஜ்யங்களில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழு அமலுக்கு வந்தது. இதன்படி எந்தப் பிரஜையும் அரசாங்க ஆபீசில் உள்ள தஸ்தாவேஜைக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டுவதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் அமைக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்பதும் சட்டமே.

கேட்கத்தக்க காகிதங்கள்

1. வார்டு வாரியான வாக்காளர் பட்டியல். சட்டசபைத் தொகுதிப் பட்டியலைக் கொண்டே இது தயாராகிறது. தம் பெயர் உள்ளதா என்பதை ஒவ்வொருவரும் தேர்தலுக்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். வாக்களிக்கும் நாளன்று சச்சரவிடுவதால் பயனில்லை.

2. வேட்பு மனுவும், அதனுடன் சேர்ந்த உறுதிமொழிப் பத்திரமும், பரிசீலனை உத்தரவும். ஒருவர் மனு ஏன் தள்ளப்பட்டது என்பது உத்தரவில் காணப்படும். வேட்பாளரின் பூர்வோத்தரங்களை அறிவது வாக்காளரின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டார் 2002-இல் தீர்ப்பளித்துள்ளனர்.

3. வாக்குச்சாவடியின் வாக்குச்சீட்டுக் கணக்கும், எண்ணிக்கை முடிவுத் தாளும். வந்த சீட்டு எத்தனை, வழங்கியது எத்தனை, செல்லாதது எத்தனை என்பவற்றை இவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. வேட்பாளரின் செலவுக் கணக்கு. 2019 தேர்தலில் வார்டு அங்கத்தினர் பதவிக்கு ரூ. 9,000, ஊராட்சித் தலைவர் பதவிக்கு ரூ. 34,000 என உச்ச வரம்பு இருந்தது.

போடப்பட்ட வாக்குச் சீட்டுகள் மட்டும் இவற்றில் சேரா. அவை முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கும். நீதிமன்ற உத்தரவின்றித் திறக்கப்படமாட்டா. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது இரகசியம். அந்த இரகசியமே ஏழை வாக்காளருக்குக் கவசம் ஆதலால், அதைக் கேட்பது முறையன்று.

மனு எழுதும் விதம்

"தேர்தலில் நடந்த மோசடிகளை விளக்குக" என்று எழுதினால் பதில் கிடைக்காது. அலுவலர் தம்மிடம் உள்ள காகிதத்தைத் தரக் கடமைப்பட்டவரே அன்றி, அபிப்பிராயம் கூறக் கடமைப்பட்டவரல்லர். "இன்ன ஒன்றியம், இன்ன கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்கு இன்ன தேதியில் நடந்த தேர்தலில், இன்ன எண் வாக்குச்சாவடியின் வாக்குச்சீட்டுக் கணக்கின் நகல் வேண்டும்" என்று ஊர், பதவி, தேதி, காகிதத்தின் பெயர் ஆகிய நான்கையும் குறித்து எழுத வேண்டும்.

மனுவை ஊராட்சி ஒன்றிய ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். காகிதம் வேறு ஆபீசில் இருந்தால், 5 நாட்களுக்குள் மனுவை அவ்விடத்திற்கு அனுப்புவது அவர் கடமை. கட்டணம் 10 ரூபாய். கோர்ட்டு வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கம் ஒன்றிற்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் அத்தாட்சி காட்டினால் கட்டணம் இல்லை. நேரில் சென்று தஸ்தாவேஜைப் பார்வையிடவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்திற்குக் கட்டணம் இல்லை. மனுவின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

காலமே முக்கியம்

பலர் தவறும் இடம் இதுவே. பதில் தர அலுவலருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தேர்தல் முடிவை எதிர்த்து ஜில்லா நீதிபதியிடம் வழக்கிட வேண்டுமானால், முடிவு பிரசுரமான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் வழக்கிட வேண்டும். முடிவு 2020 ஜனவரி 2-இல் பிரசுரமானது என்று வைத்துக்கொள்வோம். 45-ஆம் நாள் பிப்ரவரி 16. பொங்கல் கழியட்டும் என்றிருந்து ஜனவரி 20-இல் மனுக் கொடுத்தவருக்குப் பதில் பிப்ரவரி 19 வரையில் வரலாம். அதற்குள் நீதிமன்றத்தின் கதவு அடைபட்டுவிடும். முதல் வாரத்திலேயே மனுக் கொடுத்தவருக்கோ காகிதத்தைப் படிக்கவும், வக்கீலைக் கலந்து கொள்ளவும் நாள் மிஞ்சும். தகவல் மனு தேர்தலை ரத்துச் செய்யாது. அதைச் செய்ய வல்லது நீதிமன்றமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், அடுத்த 30 நாட்களுக்குள் அதே இலாகாவின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதன்பின் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்தை நாடலாம். கெடு தவறிக் கொடுக்கும் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாள் ஒன்றிற்கு ரூ. 250 வீதம், ரூ. 25,000 வரையில் ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

முடிவு

நகல் கைக்கு வந்ததும் அதை ஒருவர் மட்டும் மடித்து வைத்துக்கொள்ளலாகாது. தோற்றவர், வென்றவர் ஆகிய இரு திறத்தாரும் கூடியிருக்கப் பொது இடத்தில் படித்துக் காட்ட வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால், தோற்றவர் அதை ஒப்புக்கொள்வது பெருமையே. பிழை இருந்தால், வழி நீதிமன்றத்திற்கே அன்றிக் கைகலப்பிற்கு அன்று. பேரேட்டைப் பார்த்துப் பேசப் பழகிய சங்க அங்கத்தினர்களே இவ்வழக்கத்தை ஊருக்குக் கற்பிக்கத் தக்கவர்கள். அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும்பொழுது, ஒவ்வொரு சங்கமும் முதற் காரியமாகத் தன் ஊர் வாக்காளர் பட்டியலின் நகலை வாங்கி, அங்கத்தினர் யாவரும் பார்க்கும்படி வைக்குமாயின், ஊரின் பாதிச் சண்டை பிறவாமலே தீரும்.