கண்ணில் ஒரு கழித்தல் கணக்கு

“கண்ணாடிக்கு விடை கொடுங்கள்!” என்னும் விளம்பரத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். கிட்டப்பார்வையை லேசரால் எப்படிச் சரிசெய்கிறார்கள்? அதில் ஆபத்து உண்டா? பார்ப்போமா?

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரக் கண்ணாடி போல வளைந்திருக்கும் தெளிவான படலமே கார்னியா. ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவருக்குத் தூரப்பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கார்னியாவின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கினால் பிம்பம் சரியாக விழித்திரையில் விழும்.

இதற்கு உதவுவது எக்ஸைமர் லேசர். அதன் புற ஊதா ஒளி, சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் நுட்பமாகச் செதுக்கும் என்பதை 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் மூவர் கண்டறிந்தனர். அவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கார்னியாவின் நடுத்தடிமன் சுமார் 540 மைக்ரான். ‘லேசிக்’ முறையில், முதலில் சுமார் 110 மைக்ரான் தடிமனுள்ள மேலேட்டைப் பிரித்துப் புத்தக அட்டை போலப் புரட்டுகிறார்கள். பிறகு லேசர், ஒரு டயாப்டருக்கு ஏறத்தாழ 15 மைக்ரான் வீதம் செதுக்குகிறது. பவர் மைனஸ் 6 என்றால் 90 மைக்ரான் போய்விடும்.

540 − 110 − 90 = 340 மைக்ரான்.

மேலேட்டைத் திரும்ப மூடினாலும் அது பழைய வலுவுடன் பிணைவதில்லை. செதுக்கிய திசுவும் மறுபடி வளராது. கண்ணின் உள்ளழுத்தத்தை இந்த மிச்சப் பகுதிதான் தாங்கவேண்டும். அது 250 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான விதி.

இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள். தடிமன் 480, பவர் மைனஸ் 10. மிச்சம் எவ்வளவு? 220! இந்தக் கண்ணில் லேசிக் செய்தால் என்ன ஆகும்? வலுவிழந்த கார்னியா, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கூம்பு போலப் புடைக்கலாம். இதற்கு எக்டேசியா என்று பெயர். பிம்பம் கோணலாகிவிடும், சாதாரணக் கண்ணாடி அதைச் சரிசெய்யாது.

இது அரிதாகவே நேர்கிறது. ஆனால் இயல்பிலேயே கார்னியா வலுக்குறைந்தவர்களுக்குக் கணக்குச் சரியாக வந்தாலும் நேரலாம். அதனால்தான் தடிமனோடு அதன் வடிவத்தையும் முன்கூட்டியே படமெடுத்துப் பார்க்கிறார்கள். புடைப்பு தொடங்கிவிட்டால், ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டுகளை விட்டுப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, கார்னியாவின் இழைகளை இறுகப் பிணைக்கிறார்கள். பெரும்பாலும் புடைப்பு அத்துடன் நின்றுவிடும். முற்றிய நிலையில், தானமாகப் பெற்ற கார்னியாவைப் பொருத்தவேண்டியிருக்கும்.

மாணவர்களே, வளரும் வயதில் பவரும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே 18 வயதாகி, பவர் நிலைத்த பிறகே இந்தச் சிகிச்சையைப் பற்றி எண்ணலாம். அதுவரை கண்ணைக் கசக்காதீர்கள். கண்ணாடி அணியக் கூச்சப்படாதீர்கள். கழற்றிய கண்ணாடியை மீண்டும் மாட்டலாம். கழித்த கார்னியாவைக் கூட்ட முடியாது!