கருவியும் கண்ணும்

தச்சனுக்கு உளியும், உழவனுக்கு ஏரும், தட்டானுக்குக் குறடும் போல ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய கருவி உண்டு. கருவியின்றித் தொழில் நடவாது. ஆயினும் கருவி தானே தொழிலைச் செய்வதும் இல்லை. பழகிய தச்சன் தன் கைக்கும், எடுத்துக்கொண்ட வேலைக்கும் ஏற்ற உளியையே தெரிந்தெடுப்பான். பட்டறையில் உள்ளவற்றுள் பெரியது எது, விலை மிக்கது எது என்று பாரான். ஒளிப்படக் கலையைப் பயிலத் தொடங்கும் மாணாக்கர்க்கும் இந்நெறியே ஏற்றது.

இக்காலத்தில் கைப்பேசி கொண்டு படம் எடுக்காத இளைஞர் அரியர். அவருள் சிலர்க்கு அக்கலையில் ஆர்வம் முதிர்கின்றது. நல்லதொரு காமிரா வாங்குதல் வேண்டும் என்னும் அவா எழுகின்றது. கடைக்குச் சென்றாலோ சில பல்லாயிரம் ரூபாய் முதல் சில இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள கருவிகள் வரிசையாக விளங்குகின்றன. விலை மிக்கதே சிறந்தது என்று எண்ணி, பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளையெல்லாம் அதற்கே செலவிடச் செய்வார் உண்டு. பின்னர் அதன் பளுவிற்கும் விலைக்கும் அஞ்சி அதனை வெளியே கொண்டு செல்லார். கருவி பெட்டிக்குள் உறங்கும். பொருளும் போயிற்று, கலையும் கைகூடிற்றில்லை. இத்தகைய இழப்பு நேராதிருக்க முதற் காமிராவை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும்?

முதற்கண், கைப்பேசி இருக்கக் காமிரா எதற்கு என்பதை ஆராய்தல் நன்று. கைப்பேசி பெரும்பாலும் எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுகின்றது. காமிராவோ முடிவு செய்யும் உரிமையை மனிதனிடமே விடுகின்றது. அவ்வுரிமை மூவகைப்படும். ஒளி புகும் துளையைப் பெரிதாக்குதலும் சிறிதாக்குதலும் ஒன்று. ஒளி புகும் நேரத்தைக் கூட்டுதலும் குறைத்தலும் மற்றொன்று. ஒளியை ஏற்கும் உணர்திறனை மாற்றுதல் மூன்றாவது. ஓடும் சிறுவனை நின்றவன் போல் காட்ட ஒரு விநாடியில் 1,000-இல் ஒரு பங்கு நேரம் போதும். அருவியைப் பட்டிழை போல் காட்ட வேண்டுமாயின் கால் விநாடி அல்லது அதனினும் மிக்க நேரம் வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் முகம் தெளிவாக நிற்கப் பின்னுள்ளவை மங்கும். ஆதலின் இம்மூன்றனையும் கையால் எளிதில் மாற்றத்தக்க காமிராவே பயில்வோர்க்கு உரியது. இவ்வசதி குறைந்த விலைக் காமிராக்களிலும் உண்டு.

அடுத்து, பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளைக் குறித்து மயங்குவோர் பலர். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் மின்னணுக் காமிரா ஒன்றைச் செய்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது தந்த படத்தில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே. ஒரு படத்தைப் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. இன்று எளிய காமிராக்கள் பலவற்றில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் அமைந்துள்ளன. ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகளாக அச்சிட்டாலும் 20 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் உள்ள படம் கிடைக்கும். ஒரு மாணவனுக்கு இதனினும் வேண்டுவது யாது? புள்ளிகளின் எண்ணிக்கை இருமடங்கானால் படத்தின் நீளமும் இருமடங்காகும் என்று எண்ணுதலும் பிழை. நீளம், அகலம் இரண்டும் இருமடங்காக வேண்டுமாயின் புள்ளிகள் நான்கு மடங்கு பெருகுதல் வேண்டும்.

புள்ளிகளின் எண்ணிக்கையினும் அவை அமைந்த தகட்டின் அளவே கருதத்தக்கது. மழைநீரைக் கிண்ணத்தினும் அண்டா மிகுதியாக ஏற்பது போல, பெரிய தகடு மிகுந்த ஒளியை ஏற்கும். 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது முழு அளவுத் தகடு. அதன் பரப்பிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பரப்புடைய இடைத்தரத் தகடும் உண்டு. தகடு பெருகப் பெருகக் காமிராவின் விலையும், வில்லையின் பளுவும் பெரும்பாலும் பெருகும். தொடக்கத்தில் பயில்வோர்க்கு இடைத்தரத் தகடே போதும். எஞ்சிய பொருளை வில்லைக்குச் செலவிடலாம்.

லென்சு எனப்படும் வில்லையே காமிராவின் கண்ணாகும். காமிராவுடன் சேர்த்துத் தரப்படும் வில்லையில் சேய்மைப் பொருளை அண்மையிற் காட்டும் நிலையில் துளை எண் பெரும்பாலும் 5.6 ஆகும். குறைந்த விலையில் தனியே கிடைக்கும் 50 மில்லிமீட்டர் வில்லையின் துளை எண்ணோ 1.8. எண் சிறுக்கத் துளை பெருகும். ஆதலின் இரண்டாவது வில்லை முன்னதைக் காட்டிலும் 9 மடங்கிற்கு மேற்பட்ட ஒளியை உள்ளே விடுகின்றது. மாலை மங்கிய பின்னும் விளக்கொளியில் பாட்டியின் முகத்தைத் தெளிவாகப் படம் பிடிக்க இது துணை செய்யும்.

ஒரு நிறுவனத்தின் வில்லை மற்றொரு நிறுவனத்தின் காமிராவில் நேரே பொருந்துவது அரிது. பெண் கொள்வோர் குடியையும் ஆராய்வது போல, காமிரா கொள்வோர் அதற்குரிய வில்லைகளையும் ஆராய்தல் வேண்டும். நிக்கான் நிறுவனம் 1959-ஆம் ஆண்டில் அமைத்த பொருத்துவாயைப் பல பத்தாண்டுகள் கைவிடாது காத்தது. கேனன் நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் தன் பொருத்துவாயை மாற்றியமையால் பழைய வில்லைகள் புதிய காமிராவில் நேரே பொருந்தவில்லை. இத்தகைய செய்திகளை முன்னரே அறிந்துகொள்பவர் பின்னர் வருந்தார்.

புதியதையே வாங்குதல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை. ஒருவர் பயன்படுத்திய காமிராவையும் வாங்கலாம். ஆனால் வில்லையின் ஊடே விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். சிலந்தி நூல் போன்ற படலம் தோன்றினால் அது பூஞ்சையாகும். அவ்வில்லையை விலக்குதல் நன்று. ஈரக்காற்று மிக்க கடலோர ஊர்களில் பூஞ்சை எளிதில் பற்றும். காமிரா இதுவரை எத்தனை படங்கள் எடுத்துள்ளது என்பதையும் கேட்டறிதல் தகும். யாவற்றிற்கும் மேலாக அதனைக் கையில் ஏந்திப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் உடன்கொண்டு செல்ல இயலாத காமிரா எத்துணைச் சிறந்ததாயினும் பயனற்றதே.

கருவி எளிதாயினும் கண் தேர்ந்ததாயின் கலை வளரும் என்பதற்கு இருவர் வாழ்க்கை சான்றாகும். இந்தியாவின் முதற் பெண் செய்திப் படக்கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா 1913-ஆம் ஆண்டு குஜராத்தில் நவ்சாரி என்னும் ஊரிற் பிறந்தார். சேலை உடுத்து, டெல்லி நகரத் தெருக்களில் மிதிவண்டியிற் சென்று படம் எடுத்தார். அவர் கையாண்ட கருவிகளுள் ரோலிபிளெக்ஸ் ஒன்று. அதில் படம் பிடிக்கும் வில்லை ஒன்றே. ஒரு சுருளில் 12 படங்களே எடுக்கலாம். நாடு விடுதலை பெற்ற காலத்து நிகழ்ச்சிகளை அவர் படங்கள் இன்றும் காட்டுகின்றன. அவருக்கு 2011-ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது.

மற்றொருவர் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ். 1916-ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவராய்ப் பெற்றோருடன் யோசெமிட்டி மலைப்பகுதிக்குச் சென்றபொழுது, அவர் பெற்ற முதற் காமிரா ஓர் எளிய பெட்டிக் காமிரா ஆகும். 1927-ஆம் ஆண்டில் கண்ணாடித் தகடுகளில் பதியும் பெரிய காமிராவைச் சுமந்துகொண்டு அதே மலைப்பகுதியில் ஏறினார். பெரும்பாறை ஒன்றன் முன் நின்றபொழுது அவரிடம் எஞ்சியிருந்த தகடுகள் இரண்டே. மஞ்சள் வடிப்பான் இட்டு ஒன்றைப் பதிந்தார். தம் உள்ளத்தில் தோன்றிய காட்சி அதில் வாராது என்று உடனே உணர்ந்தார். சிவப்பு வடிப்பானை மாற்றி, எஞ்சிய ஒரே தகட்டைப் பதிந்தார். அவர் எண்ணியவாறே வானம் இருண்டு, பாறை ஓங்கி நிற்கும் படம் அமைந்தது. அவர் புகழ் பரவ அப்படமும் ஒரு காரணமாயிற்று. சிவப்பு வடிப்பானை இடுமாறு காமிரா அவருக்குச் சொல்லவில்லை. பதினோராண்டுப் பயிற்சி சொல்லிற்று.

ஆகவே முதற் காமிரா விலையால் மலைக்கச் செய்வதாய் இருத்தல் வேண்டா. கைக்கு அடங்குவதாய், குடும்பத்தின் பொருள்நிலைக்கு ஏற்றதாய், ஒளியையும் நேரத்தையும் தானே ஆள இடந்தருவதாய் இருத்தல் வேண்டும். அதனைக் கொண்டு ஓராண்டு இடைவிடாது பயில்பவனுக்கு அதன் குறை யாது என்பது தானே விளங்கும். அடுத்த கருவியை வாங்கத் தகுந்த காலம் அதுவே. அதுவரை வளர வேண்டியது காமிரா அன்று, காண்பவன் கண்ணே.