மோட்டார் ஹோமின் பின்னால் கார்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். எங்கள் மோட்டார் ஹோமின் பின்னால் டிரெய்லர் மாட்டி, அதில் காரை ஏற்றிச் செல்லலாமா? ஹிட்ச் 5,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறது. கார் 3,500 பவுண்டுதான்.

பதில்: அந்தக் கணக்கில் டிரெய்லரை விட்டுவிட்டீர்களே! கார் ஏற்றும் இரும்பு டிரெய்லரே 2,000 பவுண்டு இருக்கலாம். அப்படியானால் மொத்தம் 5,500. ஹிட்ச்சை மட்டும் பெரிதாக மாற்றியும் பயனில்லை. வண்டி, சாமான், இழுவை எல்லாம் சேர்த்த எடைக்கும் தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். எடை குறைந்த அலுமினிய டிரெய்லரைப் பாருங்கள். பயணச் சாமானோடு எடைமேடையில் ஏற்றிச் சரிபாருங்கள்.

அடுத்தது, டிரெய்லரில் கார் நிற்கும் இடம். காரோடு சேர்ந்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின்மேல் அழுத்த வேண்டும். கார் பின்னால் தள்ளி நின்றால், வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளியும். மோட்டார் ஹோமின் உடல் பின் அச்சுக்கு வெளியே வெகுதூரம் நீண்டிருப்பதால், அந்த ஆட்டம் முன்வண்டியையும் உலுக்கிவிடும். அப்போது தயவுசெய்து பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்லக் கொடுங்கள். இதற்காகவே ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் பிரேக் கன்ட்ரோலர் அவசியம்.

காரின் நான்கு சக்கரங்களையும் பட்டையால் கட்டுங்கள்; சில மைல் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை ஹிட்ச்சுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். டிரெய்லர் டயர்கள் பலவும் மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடச் செய்யப்பட்டவை அல்ல. சாலைப் பலகை 75 என்றாலும் நீங்கள் 65-ஐத் தாண்ட வேண்டாம்.